அறுப்பு கழியும் வரை

ஐப்பசி 3, திங்கள்

துலா மழை. காலையிலேயே இருட்டு. ஜன்னல் வழியே சாரல், அம்மாவின் கட்டிலை ஒரு முழம் தள்ளிப் போட்டேன். இடுப்பெலும்பு முறிந்து ஏழு மாதம். எழுந்து நடப்பாள் என்ற பேச்சே இல்லை.

வீட்டுக்கார மாமா வந்தார். பட்டுத்துணியில் சுற்றிய ஓலைக்கட்டு. நாஞ்சில்நாட்டுப் பூர்வீக வீட்டுப் பரணில் கிடைத்ததாம். நான் ஆவணக் காப்பகத்தில் பழைய கையெழுத்து படிப்பவள் என்பது இப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது.

"கோமதி, ஞாயித்துக்கிழமை எனக்கு சதாபிஷேகமாக்கும். எல்லார் முன்னாடியும் நீ இத வாசிக்கணும், கேட்டியா? முப்பாட்டன் ராஜாகிட்ட வாங்கின மானியமாயிருக்கும்."

வீட்டு அக்ரிமென்ட் இந்த மாதத்தோடு தீருகிறது. கேட்டேன். "விசேஷம் கழியட்டும்" என்றார்.

ஐப்பசி 4, செவ்வாய்

லீவு. புல்தைலம், விளக்குக்கரி, பழைய வேட்டித்துணி. தைலம் தடவி, கரி பூசித் துடைத்தால்தான் எழுத்து தெரியும். அம்மாவுக்கு நெடி, ஓயாத தும்மல்.

நாலு ஓலை. மானியமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. தண்டனை உத்தரவு! வடக்கே சண்டை நடந்துகொண்டிருந்த சமயம். படைக்கு அளக்க வைத்திருந்த நெல்லில் ஒரு நாழி எடுத்துவிட்டாள் ஓர் அடிமை. பெயர் சடைச்சி. வலக்கையை மணிக்கட்டோடு வெட்ட வேண்டியது.

ஒரு நாழி நெல். குத்தினால் ஒருத்திக்கு ஒரு வேளைக் கஞ்சி.

மூன்றாவது ஓலை அவளை அடிமையாக வைத்திருந்த உடையவர் எழுதிய விண்ணப்பம். அதாவது மாமாவின் முப்பாட்டன். ஆண் அடிமைகளைப் படைக்குச் சுமை தூக்கக் கொண்டுபோய்விட்டார்கள், வயலில் இறங்க ஆளில்லை, அறுப்பு கழியும் வரை இவள் கையை விட்டுவைக்க வேணும்.

நாலாவது: அப்படியே ஆகட்டும்.

சோப்புப் போட்டுக் கழுவியும் விரலில் கரி.

ஐப்பசி 5, புதன்

மாமாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். முகம் சுருங்கும் என்று நினைத்தேன். மலர்ந்தது!

"பாத்தியா, பாத்தியா! கைய வெட்டாதேன்னு எழுதிக் கொடுத்திருக்கார். ஒரு அடிமைக்காக! அந்தக் காலத்துல எவன் எழுதுவான்?"

"வெட்டாதேன்னு இல்ல மாமா. அறுப்பு முடிஞ்சதும் வெட்டுன்னு."

"அதெல்லாம் வாசிக்க வேண்டாம். 'இவள் கையை விட்டுவைக்க வேணும்.' அது மட்டும் போறும். ஓலைல உள்ளதுதானே? பொய்யில்லையே?"

பிறகு, மேல்துண்டை மடித்துக்கொண்டே: "பேரன் நீங்க இருக்கற கீழ்வீடு வேணும்னு கேட்டுண்டிருக்கான். நான்தான் உங்கம்மாவ நெனச்சுப் பேசாம இருக்கேன்."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன். மானங்கெட்ட தலை.

ஐப்பசி 7, வெள்ளி

ஆபீஸ் விட்டதும் பழவங்காடிப் பக்கம் வீடு பார்க்கப் போனேன். புரோக்கர் காட்டிய வீடுகள்:
ஒன்று, மாடி.
இன்னொன்று, அதுவும் மாடி.
மூன்றாவது கீழ்வீடுதான். வாசலில் எட்டுப் படி, கக்கூஸ் கொல்லைக்கோடியில்.

குடை கம்பி போயிற்று. அம்மாவுக்கு டயப்பர், முதுகுப் புண்ணுக்குப் பவுடர், ரொட்டி. வாங்கினேன்.

அம்மாவிடம் மறைக்க முடியவில்லை. "அவர் சொன்னத வாசிச்சுட்டு வாயேன்டி. செத்தவளுக்கு இனிமே கை முளைக்கவா போறது?" என்றாள். அவளைப் புரட்டிப் படுக்கவைத்தேன்.

நாலு வார்த்தை. வாசித்தால் வீடு தங்கும், அம்மா இதே கட்டிலில் கிடப்பாள். என் பாட்டை சடைச்சியின் பாட்டோடு ஒப்பிட்டால் வாய் அழுகிப்போகும். ஆனாலும் எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

ஐப்பசி 9, ஞாயிறு

மழை விட்டிருந்தது. மண்டபம் நிறைய சொந்தம், சென்னையிலிருந்தெல்லாம். மாமா மாலையும் கழுத்துமாக, பக்கத்தில் மாமி. என் கையில் மைக்.

நாலு வார்த்தைதான் வாசிப்பதாகப் போனேன். சத்தியம். ஓலையைக் கையில் எடுத்ததும் முதல் ஓலை, முதல் வரி என்று ஆரம்பித்துவிட்டேன். ஆபீசில் இருபது வருஷப் பழக்கம், நடுவிலிருந்து எடுத்து வாசித்ததே இல்லை. நிறுத்த வரவில்லை. வலக்கை, மணிக்கட்டோடு என்ற இடமும் வந்தது. மாமாவின் முப்பாட்டன் பெயரும் வந்தது. "அப்படியே ஆகட்டும்" வரை வாசித்து முடித்தேன்.

பேரன் மைக்கைப் பிடுங்கினான். "மதி சேச்சி, மதி!" போதும் அக்கா, போதும் என்று மலையாளத்தில் கத்தினான்.

மாமா என்னைப் பார்க்கவில்லை. "மாசக் கடைசிக்குள்ள வீட்ட ஒழிச்சுக் கொடுத்துடு" என்றார்.

சரி என்றேன். அம்மாவிடம் எப்படிச் சொல்வது? சாப்பிடாமல் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். மாமி வேகவேகமாக வந்தாள், மடிசார் தடுக்கத் தடுக்க. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, அறுப்பு எத்தனை நாள் நடந்தது?"

"ஓலையில இல்ல மாமி."

"அத்தனை நாளும் அவதான் அறுத்தாளா? அந்தக் கையாலயே?"

ஆமாம் என்றேன்.