கரண்ட் வந்த சத்தம்

அன்புள்ள அப்பாவுக்கு, புஷ்பா வணங்கி எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா?

இந்தியானாவில் ஏரிக்கரை மரக்குடில்களைச் சுத்தம் செய்வதுதான் என் வேலை. சனிக்கிழமையானால் டவுன்காரர்கள் வாடகை கட்டி வந்து, விளக்கை அணைத்துவிட்டு, வெளியே விறகு மூட்டி, கொசுக்கடியில் உட்காருகிறார்கள். ரங்கூனில் கரண்ட் போய்ச் சும்மா கிடைக்கிற இருட்டுக்கு இங்கே காசு! ஏன் என்று கேட்டேன். "நிம்மதியா இருக்கு" என்கிறார்கள். அந்த நிம்மதி என்னவென்று நானும் ஒருநாள் அவர்கள் நெருப்பருகே உட்கார்ந்து பார்த்தேன். புகைதான் வந்தது.

போன வாரம் கொஞ்சம் காற்றடித்து நிஜமாகவே கரண்ட் போனது. பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அத்தனை பேரும் பதறிக்கொண்டு ஆபீசுக்கு ஓடிவந்துவிட்டார்கள். கரண்ட் திரும்பியதும், அங்கே லான்மடாவில் நம் தெருவே கத்துமே, அதுபோல "மீ லாபி!" என்று கத்திவிட்டேன். கூட ஒருவரும் கத்தவில்லை. முதலாளியம்மா, "என்ன ஆச்சு?" என்றார்.

"கரண்ட் வந்திருச்சுன்னு சொன்னேன்."

"அதான் தெரியுதே!"

இதைக் கொண்டுவரும் ராணி அக்காவிடம் அம்மா காய்ந்த இறால் போட்டு வறுத்த பலாச்சாங் ஒரு புட்டி கொடுத்தனுப்புங்கள். அப்புறம், அடுத்த தடவை அங்கே கரண்ட் வரும்போது போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பதிவு செய்து அனுப்புங்கள். அக்கா கிளம்பிவிட்டாள், முடிக்கிறேன்.

நீங்களும் சேர்ந்து கத்துங்கள் அப்பா, உங்கள் குரல் தனியாகக் கேட்கிற மாதிரி.

புஷ்பா