என் பங்குக்கு ஒரு பழந்துணி

பேத்தியின் தாத்தாவுக்கு வணக்கம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாத்திரையை மறக்காமல் போடுகிறீர்களா? நான் சுகம்.

போன வாரம் தையல் கம்பெனியில் பெருக்கி முடித்து நடந்து வரும்போது, வெயிலில் லேசாகத் தலை சுற்றித் தெருவில் உட்கார்ந்துவிட்டேன். பயப்பட ஒன்றுமில்லை. ரோட்டை அகலமாக்கும்போது மரங்களையெல்லாம் வெட்டிவிட்டார்கள். நான் விழுந்ததைப் பார்த்துத் தெருக்காரர்கள் கூடி, வீட்டுக்கு ஒரு பழந்துணி கொடுத்து, ஒன்றாகத் தைத்துத் தெரு நெடுக நிழல் கட்டினார்கள். புதிதாக நட்ட மரக்கன்றுகள் வளரும்வரை வருசா வருசம் கட்டப்போகிறார்களாம்.

"நீ விழுந்த நேரம், ஊருக்கே நிழல் வந்துருச்சு பாட்டி!" என்று பக்கத்து அறைக்காரி சிரித்தாள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

என் பங்குக்குக் கம்பெனிக் கழிவுத் துணியைக் கொடுத்தேன். தைக்கிறவள் திருப்பித் தந்துவிட்டாள்.

"இது கம்பெனித் துணி. உன் வீட்டுத் துணி எங்கம்மா?"

"வரும்" என்றேன்.

என் இடத்தை மட்டும் தைக்காமல் விட்டிருக்கிறாள். அந்தச் சதுரத்தில் வெயில் விழுகிறது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போகிறேன்.

பேத்திக்குத் தூளி கட்டிய நீலச் சேலை பரணில் இருக்கிறது. நான் படிப்பை நிறுத்திய ஐந்தாம் வகுப்பையே தாண்டிவிட்டாள் என் ராசாத்தி, இனித் தூளியா கேட்கப்போகிறாள்? பாதியைக் கிழித்து அனுப்புங்கள். முழுசாக வேண்டாம். மீதி வீட்டிலேயே இருக்கட்டும், வந்தால் தேடுவேன்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. மாத்திரை.

உங்கள் வீட்டுக்காரி