கோணல் எழுத்து

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே உன் மகன் முகிலன் வந்துவிட்டான். உன் மடிக்கணினிப் பையை என் சாப்பாட்டு மேசைமேல் வைத்தான். ஜிப்பை இழுத்ததும் ஜாதிக்காய்த் தைல வாசம் குப்பென்று முகத்தில் அடித்தது. ஓரத்துப் பாக்கெட்டில் அந்தக் குட்டிக் குப்பி, மூடி பாதி திருகியபடி. நீ போய் ஒன்றரை வருஷமாகிறது, தைலம் இன்னும் கால்வாசி மிச்சம் இருக்கிறது. எதையும் சரியாக மூடாமல் வைப்பது உன் குணம். மூடினேனா என்று மூன்று தடவை திரும்பிப் போய்ப் பார்ப்பது என் குணம். அதனால்தான் நமக்கு இத்தனை வருஷம் ஒத்துப்போனது என்று நினைக்கிறேன். மூடியை இறுக்கி மூடிவிட்டு உட்கார்ந்தேன்.

உன் இணையதளம் இருக்கிற பழைய சர்வரை அன்றைக்குப் பகல் பன்னிரண்டு மணிக்கு நிறுத்தப் போகிறார்கள். வாடகைக்கு விட்ட கம்பெனி மூன்று மாதத்துக்கு முன்பே கடிதம் அனுப்பியிருந்தது. இயந்திரம் பழசாகிவிட்டதாம், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு எதுவும் மிஞ்சாது என்று எழுதியிருந்தார்கள். மூன்று மாதம் நான் என்ன கிழித்தேன் என்று கேட்காதே. ஒவ்வொரு சனிக்கிழமையும் உட்காருவேன். கறுப்புத் திரையில் அந்த வெள்ளைக் கோடு விட்டுவிட்டு மின்னுவதைப் பார்ப்பேன், அடுப்பை அணைத்தேனா என்று எழுந்து போய்விடுவேன். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளித் தள்ளி, தள்ளுவதற்கு வாரமே இல்லாமல் போய்விட்டது.

நூற்று நாற்பத்து மூன்று பதிவுகள். காது கேளாத பிள்ளையை வளர்க்கும் அம்மாக்களுக்காக நீ எழுதியது. காது மெஷினை இந்தப் பினாங்கு ஈரத்திலிருந்து எப்படிக் காப்பாற்றுவது என்று ஒரு பதிவு. உதிரிப்பாகப் பெட்டிகளில் வரும் அந்த ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை நம் ஃபேக்டரியில் தூக்கிப் போடுவார்களே, அதைக் கேட்டு வாங்கி வந்து மெஷினோடு மைலோ தகர டப்பாவில் போட்டு மூடுவாய். கல்யாண வீட்டில் "ஐயோ பாவம்" என்று கன்னத்தைத் தடவும் சொந்தக்காரர்களிடம் என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு பதிவு. அதில் நீ எழுதியதைச் சபையில் சொல்ல முடியாது. இன்றைக்கும் வாரத்துக்கு ஒரு தாய் வந்து ஏதாவது கேட்கிறாள். சுங்கை பட்டாணியிலிருந்து ஒருத்தி போன மாதம் எழுதியிருந்தாள்: "என் மகனுக்கு மூணு வயசு. அம்மான்னு சொல்ல எப்படிக் கத்துக் குடுக்கிறது அக்கா?" நீ இல்லை என்பது அவளுக்குத் தெரியாது. அதற்குப் பதில் எழுதவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆனால் அன்றைக்கு நான் அதிகம் பயந்தது அந்த அம்மாக்களை நினைத்துக்கூட இல்லை, முகிலனை நினைத்துத்தான். என் ஃபோனில் உன் குரல் நாலு இருக்கிறது. ஒன்றில் நீ மீன் விலையைத் திட்டுகிறாய், ஒன்றில் சும்மா சிரிக்கிறாய். மனசு கேட்காதபோது போட்டுக் கேட்டுக்கொள்வேன். அவன் எதைப் போட்டுக் கேட்பான்? அவனுக்கு உன் குரல் என்பதே அந்த நூற்று நாற்பத்து மூன்றுதான். பள்ளிக்கூடத்தில் அவனுக்கு எல்லாம் மலாய். அவன் படிக்கட்டும் என்றுதானே தமிழ் எழுத்தை வீட்டில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாய், சின்னச் சின்ன வாக்கியமாக எழுதினாய். அது போய்விட்டால் அந்தப் பையனுக்கு முன்னால் நான் எந்த முகத்தோடு நிற்பது?

அந்தத் தளத்தை நாம் முதன்முதலில் போட்ட நாள் நினைவிருக்கிறதா? பாயான் பாருவில் உன் வீடு. நீ ஃபேக்டரியில் ஐடி பிரிவு, நான் ஆவணப் பிரிவு. அடுத்தவர் எழுதியதில் எழுத்துப் பிழை பார்த்துத் திருத்துவது என் பிழைப்பு. லினக்ஸ் என்றால் நாயா பூனையா என்று எனக்குத் தெரியாது. "நான் சொல்றேன், நீ அடி. அப்பத்தான் உனக்கும் வரும்" என்று விசைப்பலகையை என் பக்கம் தள்ளிவிட்டாய். ஒவ்வொரு கமாண்டுக்கும் முன்னால் 'சூடோ' என்று அடிக்கச் சொன்னாய். ஏன் என்று கேட்டேன். "அது பெரிய முதலாளி பேரு மாதிரி. முதலாளி சொன்னாருன்னு சொன்னாத்தான் இந்த மெஷின் கேக்கும். நம்ம ஃபேக்டரி மாதிரியேலா" என்றாய். முதலாளி பெயரைச் சொல்லிச் சொல்லியே நானும் அடித்தேன். எழுதியதைத் தளத்தில் ஏற்றி அடுக்கி வைக்கிற அந்த மென்பொருள் இறங்கியது, விரிந்தது, உட்கார்ந்தது. நான் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். "பயந்தாங்கொள்ளி, வெடிக்காதுடி" என்று சிரித்தாய்.

போன ஞாயிறு உன் நோட்டைப் பார்த்துத்தான் எல்லாம் செய்தேன். பையில் அதுவும் இருந்தது. முதல் பக்கத்திலேயே பெரிதாக எழுதியிருக்கிறாய்: "முதல்ல நகல். பிறகு நகலுக்கு நகல். பிறகு கை வை." நாலாம் பக்கத்தில்: "கதவு திறக்காது. பயந்துபோய் மூணு ஏழு போடாதே." அது எனக்காகவே எழுதியது. தளம் அனுமதி இல்லை என்று முரண்டு பிடிக்கும்போதெல்லாம் நான் ஏழு ஏழு ஏழு என்று போட்டு, ஊரில் உள்ள எல்லாருக்கும் கதவைத் திறந்துவிடுவேன். இந்த முறை போடவில்லை. நீ எழுதியிருந்த எண்ணையே போட்டேன், கதவு திறந்தது. பத்து மணிக்குப் புது சர்வரில் மென்பொருள் ஏறிவிட்டது. பழைய சர்வரிலிருந்து பதிவுகளை நகல் எடுத்தேன். நகலுக்கு நகல் எடுத்தேன். அதை ஒரு பென்டிரைவில் போட்டுக் கைப்பைக்குள் வைத்தேன். பிறகுதான் புது இடத்தில் கொட்டினேன்.

தளம் திறந்தது. உன் படம் வந்தது. தமிழ் வரவில்லை. தலைப்பிலிருந்து கடைசி வரி வரைக்கும் தொப்பி போட்ட ஆங்கில ஏ, வட்டத்துக்குள் மாட்டிய ஆர், நடுநடுவே ஏதோ நாணயக் குறி. முகிலன் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். என் முகத்தில் என்ன இருந்ததோ, எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

அப்போதுதான் நீ ஒருநாள் கேன்டீனில் சொன்னது நினைவுக்கு வந்தது. ஃபேக்டரியில் யாருடைய கோப்போ இப்படித்தான் ஆகியிருந்தது. தே தாரேக் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாய்: "கோணல் எழுத்து வந்தா சந்தோஷப்படு, உள்ள இருக்குன்னு அர்த்தம். கேள்விக்குறி வந்தாதான் போச்சு. அதுல இருந்து எதையும் திருப்பி எடுக்க முடியாது." சரி, கோணல்தான், உள்ளே இருக்கிறாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பழைய சர்வரின் டேட்டாபேஸ் எந்த எழுத்து முறையில் போடப்பட்டது என்று போய்ப் பார்த்தேன். 'லத்தீன், ஸ்வீடிஷ்' என்று இருந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் அதைச் செய்தது நான்.

உனக்கு இதுவரை சொன்னதில்லை. அந்த முதல் நாள், நாம் பாதியில் இருக்கும்போது முகிலனின் பள்ளி பஸ் கீழே வந்து ஹாரன் அடித்தது. "நீ அமுக்கிட்டே போ, நான் பிள்ளையைக் கூட்டிட்டு வந்துடறேன்" என்று ஓடினாய். திரையில் ஒரு நீளப் பட்டியல் வந்து நின்றது, எழுத்து முறையைத் தேர்ந்தெடு என்று. முதலிலேயே ஸ்வீடிஷ் என்று குறித்திருந்தது. பினாங்கில் உட்கார்ந்துகொண்டு தமிழில் எழுதப் போகிறோம், நமக்கு ஸ்வீடிஷ் எதற்கு என்று எனக்கே தோன்றியது. மாற்றினால் ஏதாவது கெட்டுவிடுமோ என்று பயம். கைவைக்காமல் அடுத்ததை அமுக்கினேன். நீ மூச்சு வாங்க மேலே வந்து, "ஏதாவது கேட்டுச்சா?" என்றாய். "ஒன்னும் கேக்கல" என்றேன்.

பத்து வருஷத்துக்கு மேலாக அந்த சர்வர் உன் தமிழை ஸ்வீடிஷ் என்று நம்பி வாங்கி வாங்கி அடுக்கியிருக்கிறது. திருப்பிக் கேட்டால் அதே வரிசையில் கொடுத்ததால் யாருக்கும் தெரியவில்லை. புது சர்வருக்குத் தமிழும் தெரியும், ஸ்வீடிஷும் தெரியும். உள்ளே இருந்ததை ஸ்வீடிஷாகவே படித்துக் காட்டிவிட்டது. என் பயத்தால் வந்த வினை, உன் தலையில் விடிந்தது.

இணையத்தில் தேடிப் படித்தேன். பழைய இடத்திலிருந்து எடுக்கும்போது ஸ்வீடிஷ் என்றே சொல்லி எடுக்க வேண்டுமாம், அப்போதுதான் மாற்றாமல் கொடுக்கும். புது இடத்தில் வைக்கும்போது இது தமிழ் என்று சொல்லி வைக்க வேண்டுமாம். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! பதற்றத்தில் நான் இரண்டையும் மாற்றிச் சொல்லிவிட்டேன். பக்கத்தைத் திறந்தால் கேள்விக்குறி. வரிவரியாக, பக்கம்பக்கமாக வெறும் கேள்விக்குறி. சுங்கை பட்டாணிக்காரியின் கேள்வியில் கடைசியில் இருந்த நிஜமான கேள்விக்குறி எது என்றுகூடத் தெரியவில்லை.

மணி பதினொன்று இருபது. நகல் எடுத்தால் மூலம் கெடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்வது, பழைய தளத்தைத் திறந்து பார்க்கவே விரல் வரவில்லை. அங்கேயும் கேள்விக்குறி இருந்துவிட்டால்? முகிலன் தன் ஃபோனில் தட்டி என் பக்கம் திருப்பினான். "ஜாங்ஙான் தாக்கூட் ஆன்ட்டி" என்று இருந்தது. பயப்படாதீங்க என்கிறான், எனக்கு! பிறகு அவனே கையை நீட்டி, பழைய தளத்தைத் திறந்தான். தமிழ் இருந்தது. அங்கே நீ ஒரு கீறல் இல்லாமல் இருந்தாய். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது, வந்த உடனே அழுகையும் வந்தது.

மறுபடி எடுத்தேன். இந்த முறை ஒவ்வொரு எழுத்தாக அடித்து, அடித்ததை வாய்விட்டுப் படித்து, அவன் என் உதட்டைப் பார்த்துத் தலையாட்டிய பிறகு அமுக்கினேன். எடுக்கும்போது ஸ்வீடிஷ். வைக்கும்போது தமிழ். முதலாளி பெயரையும் மறக்காமல் சொன்னேன். பதினொன்று ஐம்பதுக்குப் பக்கம் திறந்தது. உன் முதல் பதிவு, முதல் வரி: "என் பில்லையின் கையை எடுத்து என் தொண்டையில் வைத்தேன். அம்மா என்று சொன்னேன். அவன் சிரித்தான்."

பன்னிரண்டு அடித்து நாலு நிமிடத்தில் பழைய சர்வர் அணைந்தது. அதைப் பார்க்க எனக்கு நேரமில்லை, ஏனென்றால் நான் அந்த 'பில்லை'யைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நூற்று நாற்பத்து மூன்று பதிவிலும் பிள்ளையை நீ பில்லை என்றே எழுதியிருக்கிறாய். எத்தனை தடவை சண்டை போட்டிருப்பேன்! "உனக்குக் காது கேக்குது, அதனால அது ரெண்டு எழுத்து. அவனுக்கு என் உதட்டைப் பார்த்தா ரெண்டும் ஒன்னுதான்லா, விடு" என்பாய். திருத்தவே விட்டதில்லை. இப்போது எல்லாம் என் கையில். தேடு, மாற்று என்று ஒரே அமுக்கு, ஒரு நிமிட வேலை. ஃபேக்டரியில் இதற்குத்தானே எனக்குச் சம்பளம்.

முகிலனைக் கேட்டேன். அந்தச் சொல்லைக் காட்டி, சரியான எழுத்தை ஒரு தாளில் எழுதி, மாற்றட்டுமா என்று கையால் கேட்டேன். அவன் அந்தத் தாளை மடித்து ஓரமாக வைத்தான். பிறகு ஃபோனில் எழுதினான்: "பியார் ஆன்ட்டி. இருக்கட்டும். அம்மா என்னை அப்படித்தான் கூப்பிடுவாங்க."

என்னிடம் இருக்கிற பயங்களில் எதுவும் நீ கொடுத்ததில்லை, எல்லாம் நானே சேர்த்தது. அவை இன்னும் என்னோடுதான் இருக்கின்றன. அந்தப் பென்டிரைவைக் கைப்பையில் வைத்துக்கொண்டேதான் பஸ் ஏறுகிறேன். இருக்கிறதா என்று பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிக்குப் போய்ச் சேர்வதற்குள் மூன்று தடவை தொட்டுப் பார்க்கிறேன். உன் தைலக் குப்பியும் அதன் பக்கத்திலேயே இருக்கிறது.

நேற்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் சுங்கை பட்டாணிக்காரிக்குப் பதில் எழுதினேன். நீ இல்லை என்பதைச் சொன்னேன். உன் முதல் பதிவைப் படிக்கச் சொன்னேன். கடைசியாக, "உங்கள் பில்லையின் கையை எடுத்து உங்கள் தொண்டையில் வையுங்கள்" என்று எழுதினேன். மூன்று தடவை படித்துப் பார்த்தேன். அப்படியே அனுப்பினேன்.