ஏழாம் நம்பர் ஜேர்சி

ஓஸ்டர்முண்டிகன், சுவிஸ்
14.09.2019

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கடை முழங்கால் நோ எப்படி? போனில சொன்னால் அழுவியள், அதுதான் எழுதுறன்.

எங்கடை பழைய மாணவர் கழகம் ஒஸ்ரேலிய ஃபுட்போல், அந்த முட்டைப் பந்து விளையாட்டு, விளையாடத் தொடங்கிப் பத்து வருசம். பத்தாண்டு மலருக்குக் கழக வரலாறு எழுத என்னைப் பிடிச்சிருக்கினம். ஒன்பதாம் வகுப்போட பள்ளிக்கூடத்தை விட்டவனை! சிரிக்காதேங்கோ.

முதல் பக்கத்திலேயே அண்ணா. 2009இல அவரோட படிச்சவை கழகம் தொடங்கேக்கை, வன்னியில இருந்து வாகீசன் எப்படியும் வந்திடுவான் எண்டு பேரை எழுதி, ஏழாம் நம்பர் ஜேர்சியும் அடிச்சு வைச்சவை. இண்டைவரைக்கும் அவரைப் பற்றி ஒரு சேதியும் இல்லை, அந்த ஜேர்சியையும் ஒருத்தரும் போட்டதில்லை.

போன சனி பாடன் ஊரில நடந்த மச்சில என்ரை ஜேர்சி கிழிஞ்சிட்டுது. தலைவர் கேதீஸ் அண்ணை அந்த ஏழைத் தந்தார். அளவாய் இருந்தது. பின்னால ஆரோ, "வாகீசா, இஞ்சை அடியடா!" எண்டு கத்த, நானும் "ஓம்" எண்டு திரும்பி அடிச்சன். அங்கை ஒருத்தரும் இல்லை.

"ஆர் கூப்பிட்டது?"

"ஒருத்தரும் கூப்பிடேல்லையடா," எண்டார் கேதீஸ் அண்ணை.

அதில விழுந்து கை உரசினது மட்டும்தான். பயப்படாதேங்கோ.

மலரில அமரர்களுக்கு ஒரு பக்கம் இருக்கு. "அண்ணாவை அதில போடட்டோ?" எண்டு கேதீஸ் அண்ணை கேட்டார். மாட்டன் எண்டிட்டன். விளையாடுற ஆக்களின்ரை பக்கத்திலதான் எழுதுவன்.

கொஞ்சம் மிளகாய்த்தூள் அனுப்புங்கோ. அண்ணாவின்ரை படமும் வேணும். நீங்கள் இன்னும் பொட்டு வைக்காமல் வைச்சிருக்கிற அந்தப் படம்.

பஸ் வருது.

மகன்,
சாருஜன்