முள்ளங்கி என்று சொன்னால் போகக் கூடாது

ஜூன் 12, வியாழன்

விடுதிக் குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே அத்தையின் குறட்டை. அறைத் தாழ்ப்பாளை மூன்று முறை பார்த்துவிட்டேன்.

சனிக்கிழமை பத்து மணிக்கு நீச்சல் பயிற்சி முகாமுக்கான தேர்வு. தண்ணீரில் எனக்குப் பயமே கிடையாது. பயமெல்லாம் இந்தப் பெரிய ஊர்தான்! ஒரு சாலையைக் கடக்கவே பத்து நிமிஷம்.

அம்மாவுக்கு லீவு கிடைக்காததால் அத்தை துணைக்கு வந்தாள். கிளம்பும்போது அம்மா எங்கள் இருவர் காதிலும் ஒரு ரகசிய வார்த்தை சொன்னாள். முள்ளங்கி. நான் எங்காவது பிரிந்துபோய், "அத்தை அனுப்பினாங்க" என்று யாராவது வந்தால், அந்த வார்த்தையைச் சொன்னால்தான் கூடப் போகலாம். எனக்குப் பிடிக்காத காய் என்பதால் மறக்காதாம்.

ஜூன் 13, வெள்ளி

ஐயோ அத்தை!

விடுதிக்காரரிடம் சொல்லிவிட்டாள். ஜூஸ் கடையில் சொல்லிவிட்டாள். ஆட்டோக்காரரிடமும். எல்லாம் பெருமைக்கு.

"எங்க அண்ணிக்கு என்னா மூளை தெரியுமா? 'முள்ளங்கி'ன்னு சொன்னாத்தான் புள்ள கூடப் போகும்!"

இறங்கும்போது ஆட்டோக்காரர் என்னிடம், "வரட்டா, முள்ளங்கி?" என்றார். சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது.

இப்போது சிரிப்பு வரவில்லை. பாதி ஊருக்குத் தெரிந்தது என்ன ரகசியம்? முடிவு செய்துவிட்டேன்: இனி முள்ளங்கி என்று யார் சொன்னாலும் போக மாட்டேன்.

அத்தைக்கும் பாடம் எடுத்தேன்.

"நாளைக்கு மெட்ரோ ரயில் கதவு மூடி நான் மட்டும் வெளிய நின்னா?"

"சங்கிலிய இழுப்பேன்."

"இந்த ரயில்ல சங்கிலியே இல்ல அத்தை! அடுத்த ஸ்டேஷன்ல இறங்கித் திரும்பி வரணும். நான் நின்ன இடத்துலயே நிப்பேன்."

"சரிடி போலீஸு, தூங்கு."

ஜூன் 14, சனி

அறைத் தாழ்ப்பாளை இன்றைக்கு ஐந்து முறை பார்த்துவிட்டேன். சிரிப்பும் வருகிறது. எனக்குப் பைத்தியமா?

அப்படியே நடந்தது. காலை ஒன்பதேகால். கூட்டம் தள்ளியதில் அத்தை உள்ளே, நான் நடைமேடையில். கதவு மூடிவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் அத்தை வாய் திறந்து கத்துகிறாள், சத்தமே கேட்கவில்லை. அவள் போன் என் பையில்!

நின்றேன். கால் ஓடு என்கிறது. நின்றேன்.

நீலச் சட்டைக்காரர் ஒருவர் வந்தார். "பாப்பா, முள்ளங்கி! உங்க அத்தை அடுத்த ஸ்டேஷன்ல நிக்கிறாங்க. ஆட்டோ வெளிய இருக்கு, வா."

அத்தை இவரை எப்போது பார்த்தாள்? ரயிலே இப்போதுதானே போனது? சற்று முன் இதே நடைமேடையில் அவள் யாரிடமோ முள்ளங்கிப் பெருமை அடித்தபோது பின்னால் நின்றவர்தானே இவர்?

விசில் வைத்திருந்த காவல்கார அக்காவிடம் ஓடினேன். "அக்கா, இவர் யாருன்னே எனக்குத் தெரியாது!" அந்த நடைமேடையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். அக்கா நிமிர்வதற்குள் நீலச் சட்டை படியேறிக் காணாமல் போயிற்று.

பதினொரு நிமிஷம் அக்கா கையைப் பிடித்தபடி நின்றேன். எதிர் ரயிலில் அத்தை வந்தாள். ஒரு கால் செருப்பைக் காணோம். "திரும்பி வந்துட்டேன்டி, நீ சொன்ன மாதிரியே!"

ஒன்பது ஐம்பத்தைந்துக்கு நீச்சல் குளத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். நான்காவதாக வந்தேன். ஆறு பேரை எடுத்தார்கள்!!

ஜூன் 15, ஞாயிறு

ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் அத்தை யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. பாவமாக இருந்தது.

ஜூன் 17, செவ்வாய்

அம்மாவிடம் எல்லாம் சொல்லிவிட்டோம். முதலில் அழுகை, பிறகு அத்தைக்குத் திட்டு. அடுத்த மாதப் பயிற்சி முகாமுக்கு அனுப்புவாளா என்று பயந்துகொண்டிருந்தேன். "இவ பொழச்சுக்குவா" என்றாள் கடைசியில்.

புது வார்த்தையும் வைத்தாள். "உங்க அத்தைகிட்ட மூச்சு விடாத."

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. போனில் பெரியம்மாவிடம் அம்மாவின் குரல்: "இந்தத் தடவை என்ன வார்த்தை வச்சிருக்கேன் தெரியுமாக்கா?"

அத்தையும் நானும் தலையணையில் முகம் புதைத்துச் சிரித்தோம்.

என் வார்த்தையை நானே யோசித்துவிட்டேன். இங்கேகூட எழுதப்போவதில்லை.