முன்பல்லும் பச்சை மாங்காயும்

அண்ணை,

இன்று காலை சந்திக் கடையில் ஒரு பற்பசை வாங்கினேன். தடை தளர்ந்து கொழும்பிலிருந்து கப்பல் வந்திருக்கிறது. இத்தனை வருடம் கண்ணில் படாத சாமான்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கடைகளில் தெரிகின்றன. கிணற்றடியில் நின்று மூடியைத் திருகியதும் அந்தக் குளிர்ந்த வாசம் வந்தது. நீங்கள் பக்கத்தில் நிற்பது போல இருந்தது. திரும்பியும் பார்த்தேன். வாழையடியில் ஒரு கோழிதான் நின்றது.

பிறகு இன்னொன்று நடந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். குழாயின் பக்கத்தில் பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. வெளிச்சத்தில் பிடித்து, எழுத்தெழுத்தாகக் கூட்டினேன். பு. ளோ. ரை. ட். புளோரைட். நானே வாசித்தேன், அண்ணை! கலியாண அழைப்பு வந்தால் எந்த ஊர், எத்தனை மணிக்கு முகூர்த்தம் என்று கேட்டு உங்களிடம் நீட்டிக்கொண்டிருந்தவன் நான். இப்போது வாசிகசாலையில் பின்னேரங்களில் பெரிய ஆட்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அங்கே எல்லாரிலும் வயது கூடியவன் நான்தான். ‘ழ’வுக்கு வால் போடும்போது இன்னும் கோடு கோணுகிறது. இந்தப் பந்தியை முடிப்பதற்குள் தேத்தண்ணி ஆறிவிட்டது. பரவாயில்லை, பனங்கட்டி இல்லாத தேத்தண்ணிதான்.

எல்லாம் பனங்கட்டியில்தானே தொடங்கியது. சீனி கிடைக்காத காலம். ஊர் முழுக்க வெறுந்தேத்தண்ணியும் பனங்கட்டிக் கடியும். மற்றவர்கள் கடித்தார்கள், விழுங்கினார்கள். நான் ஒரு துண்டை மேலுதட்டுக்குள், முன்பல்லோடு ஒட்டி அடக்கி வைத்திருப்பேன். நாயனக்காரனுக்கு வாய் உலரக்கூடாது. உலர்ந்தால் உதட்டில் பிடிக்கிற சீவாளி பேசாது. வாசிக்கும்போது துண்டைக் கன்னத்துக்குள் ஒதுக்குவேன். நிறுத்தியதும் திரும்ப உதட்டுக்குள் தள்ளுவேன். மாப்பிள்ளை வரும்வரை பந்தலில் காத்திருக்கும்போது அது மெல்ல மெல்லக் கரையும், வாய் ஈரமாகவே இருக்கும். நல்ல உபாயம் கண்டுபிடித்தேன் என்று எனக்கு என்மேலேயே பெருமை.

நீங்கள்தான் முதலில் கண்டீர்கள். பண்டத்தரிப்புக் கோயிலில் பூசை முடிந்து தவிலுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் எதற்கோ சிரித்தேன். கிட்ட வந்து விரலால் என் மேலுதட்டைத் தூக்கினீர்கள்.

“என்னடா இது? வெத்திலைக்குப் பூசிற சுண்ணாம்பைப் பல்லிலை பூசி வைச்சிருக்கிறாய்?”

வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் பார்த்தேன். பல்லும் முரசுச் சதையும் சேருமிடத்தில் வெள்ளை வெள்ளையாக, மினுக்கம் இல்லாமல், சுவருக்கு அடித்த சுண்ணாம்பு மாதிரியே இருந்தது. கரியும் உப்பும் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. பிறகுதான் பயம் பிடித்தது. முன்பல் இல்லாமல் சீவாளியை உதட்டில் நிறுத்த முடியாது. எனக்குத் தெரிந்த ஒரே வேலை அது. என் மனிசியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். வீட்டில் என்னோடு கதைப்பதற்கு அந்த நாயனம் மட்டும்தான் மிஞ்சியிருந்தது.

பல் டொக்டரிடம் போனால் பிடுங்கிவிடுவார்கள், வரமாட்டேன் என்று நின்றேன். நீங்கள் சைக்கிள் கரியரைத் தட்டிக் காட்டினீர்கள். “உன்ரை பல்லை நம்பித்தான் என்ரை தவில் இருக்கு. ஏறு.”

மானிப்பாய்வரைக்கும் உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அந்த டொக்டர் அம்மா கரண்ட் இல்லாததால் கதிரையை யன்னலோரம் போட்டு, வெயில் வெளிச்சத்தில்தான் வாய் பார்த்தா. பஞ்சால் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு வெகுநேரம் பார்த்தா. வாயில் இனிப்பு எதையாவது அடக்கி வைக்கிற பழக்கம் இருக்கா என்று கேட்டா. நான் யோசிப்பதற்குள் நீங்கள் முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டீர்கள். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு சொன்னா:

“இன்னும் துளை விழேல்லை. விழுந்தால் அது திரும்பாது, அடைக்க இப்ப மருந்தும் இல்லை, பிடுங்கத்தான் வேணும். இப்ப கவனிச்சால் பல்லு தன்னைத் தானே கட்டிக்கொள்ளும்.”

இனிப்பு பல்லில் கிடக்கிற நேரமெல்லாம் வாய்க்குள் ஒரு புளிப்பு உண்டாகி, பல்லின் மேலோட்டில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துக்கொண்டு போகுமாம். மேலுக்கு உடையாமல் இருக்கும்போதே உட்பக்கம் வெறுமையாகிவிடும், அதுதான் வெள்ளையாய்த் தெரிகிறது என்றா. எச்சிலிலும் அதே சத்து இருக்கிறதாம். இனிப்பை விட்டு, எச்சிலுக்கு நேரம் கொடுத்தால், போனதைத் திரும்பக் கொண்டுவந்து அடுக்குமாம். புளோரைட் உள்ள பற்பசை தீட்டினால் அடுக்கியது இறுக்கமாய் நிற்குமாம். கரி கூடாது. பற்பசை தீட்டியபின் துப்பலாம், கொப்பளிக்கக் கூடாது. கொப்பளித்தால் மருந்து தண்ணீரோடு போய்விடும்.

திரும்பி வரும் வழியெல்லாம் நான் உங்களோடு சண்டை பிடித்தேன். வாய் கொப்பளிக்காமல் ஒருத்தன் சுவாமிக்கு முன்னால் நின்று வாசிக்கிறதா? என் அப்பனும் செய்யவில்லை, நானும் செய்யமாட்டேன் என்றேன். நீங்கள் மிதிப்பதை நிறுத்தவே இல்லை.

“காலமை வேப்பங்குச்சியாலை தீட்டு, கிணறு வத்துமட்டும் கொப்பளி. இரவைக்குச் சுவாமியைப் பள்ளியறைக்கு அனுப்பிப்போட்டு, சாப்பிட்டாப்பிறகு பசையாலை தீட்டு. நித்திரை கொள்ளுற சுவாமி உன்ரை வாயையோ பாக்கப்போறார்?”

பற்பசை எந்தக் கடையிலும் இல்லை. உங்கள் மருமகன் கொழும்பிலிருந்து வந்தபோது அவருடைய பையில் இருந்த பாதிக் குழாயை நீங்கள் கேட்டு வாங்கிவந்தீர்கள். பயறளவுதான் எடுக்கவேண்டும் என்று எனக்குக் கட்டளை. முடிந்துபோனபோது குழாயைக் கத்தரிக்கோலால் வெட்டி, உள்ளே ஒட்டியிருந்ததையும் ஈர்க்கால் வழித்துத் தந்தீர்கள். நீங்கள் ஒருநாளும் அதில் தொட்டதில்லை. தீட்டியபின் நான் ஒன்றும் குடிக்காமல் கொஞ்ச நேரம் இருக்கவேண்டும் என்பதால், நீங்களும் ஒன்றும் குடிக்காமல் என் வாசலில் குந்தியிருப்பீர்கள். நான் வாய் திறக்கமாட்டேன் என்ற துணிவில் என்னைப் பற்றி எல்லா நக்கலும் அப்போதுதான் வரும்.

ஆனால் பனங்கட்டியை விட்டதும் வாய் உலர்ந்தது. நெல்லியடியில் ஒரு கலியாணத்தில் சீவாளி உதட்டோடு ஒட்டிக்கொண்டு காற்று மட்டும் வந்தது. சபையில் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் தவிலை விடாமல் வாசித்துக்கொண்டே, வார் இழுக்கிற பாவனையில் என் பக்கம் சரிந்து காதுக்குள் சொன்னீர்கள்: “பச்சை மாங்காய். உப்பு. தூள்.”

மாங்காயை உப்பிலும் மிளகாய்த்தூளிலும் தொட்டுத் தின்றது போல வாயில் வெள்ளம் வந்துவிட்டது, அண்ணை! நாயனக்காரனைக் குழப்புவதற்கு அவன் முன்னால் புளி தின்று காட்டுவார்கள்; ஊரறிந்த குறும்பு. அதையே நீங்கள் எனக்கு வைத்தியமாக்கினீர்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு உருப்படிக்கும் முன்னால் அந்த மூன்றும்தான். சிலநாள் பல் கூசப் புளிக்கிற விளிமாங்காய், சிலநாள் புளியங்காய் என்று மாற்றியும் சொல்வீர்கள். ஏதோ பெரிய தாளக் கணக்குச் சொல்கிறீர்கள் என்று சபை நினைத்திருக்கும்.

அடுத்த மாரி முடிந்து டொக்டர் அம்மா பார்த்தபோது வெள்ளை மங்கி, பல் பளபளத்தது. ஒரு பல்லில் மட்டும் மெல்லிய கபில நிறப் புள்ளி. அது இனி அழியாது, ஆனால் கல்லுப்போல இறுகிவிட்டது என்றா. வெளியே வந்ததும் நீங்கள் நகத்தால் அதைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டீர்கள். “சுதி சரி” என்றீர்கள்.

பிறகு உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. மருந்து வரவில்லை. எங்கள் ஊரில் செத்த வீட்டுக்கு நாயனம் வாசிப்பதில்லை. பறை முன்னால் போக, நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கிடக்க நான் பின்னால் நடந்தேன்.

கோயிலுக்கு இப்போது வேறொருவர் தவில் வாசிக்கிறார். நல்ல கை. ஆனால் நேரே பார்த்துக்கொண்டு வாசிக்கிறார், என் பக்கம் சரிவதில்லை. உருப்படிக்கு முன்னால் நானே எனக்குள் அந்த மூன்றையும் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஊறவில்லை. நாமே சொன்னால் ஊறாது போல. பல் இருக்கிறது, நாயனம் இருக்கிறது, காதுக்குப் பக்கத்தில் ஆள் இல்லை.

இப்போது இரவு. சுவாமி பள்ளியறைக்குப் போய்விட்டார். புதுப் பசையால் தீட்டித் துப்பிவிட்டு, கொப்பளிக்காமல் விளக்கோடு வாசலில் இருந்து எழுதுகிறேன். நக்கலடிக்க ஆளில்லாததால் இந்த நேரம் நீளமாக இருக்கிறது. அதனால் இன்னும் ஒரு வரி எழுதிப் பார்த்தேன். மெல்ல, ஒவ்வொரு எழுத்தாக, பெரிதாக.

பச்சை மாங்காய். உப்பு. தூள்.

எழுதி முடித்து, விரல் வைத்து வாசித்தேன். உங்கள் குரலில் கேட்டது. வாய் ஊறிவிட்டது, அண்ணை. துப்பவில்லை. அந்தப் புள்ளியின்மேல் படட்டும் என்று வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன்.