டேங்க் மூடிக்கு ஒரு பூட்டு

2008 அக்டோபர் 13, திங்கள்
லாரி இன்றும் வழியில் நின்றுவிட்டது. எங்கள் தீவுகளில் வடக்கே, ரங்கத்தில் கட்டும் சுனாமி வீடுகளுக்குச் சிமெண்ட் ஏற்றிப் போகிறது. எங்கள் ஊர் கராச்சர்மாவில் கிளம்பினால் ஒரு மணி நேரம் நன்றாக ஓடும். பிறகு இழுவை குறைந்து, குலுங்கி, அணைந்துவிடும். கொஞ்ச நேரம் கழித்து ஒன்றும் நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். வாங்கிப் பதினாறு வருடம். அந்த வயதுக்கே உரிய குணம்.

அக்டோபர் 15
டெய்ரி ஃபார்ம் ஏரியா மெக்கானிக் கணபதி டீசல் ஃபில்டரை மாற்றினார். "லைன் பூரா சாஃப், சுத்தம். இனி நிக்காது, கேரண்டி" என்றார். நின்றது. அடுத்து, டீசலை எஞ்சினுக்கு இழுக்கும் ஃபீட் பம்ப்தான் கோளாறாம். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். கப்பலுக்கு யாரும் கேரண்டி தரவில்லை.

அக்டோபர் 18
எழுதவே கை கூசுகிறது. டிரைவர் வெள்ளைச்சாமி அண்ணன் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் இருந்தவர், சுனாமிக்குப் பிறகு என்னிடம் வந்தவர், என்னைவிட மூத்தவர். லாரி நிற்கும்போதெல்லாம் அவர் டேங்க் மூடியைத் திறக்கிறார் என்று பின்னால் வந்த பஸ் டிரைவர் சொன்னார். ஏன் என்று கேட்டேன்.

"மூடியத் தொறந்தா புஸ்ஸுனு காத்து உள்ள போவுது மொதலாளி. அப்பறம் ஸ்டார்ட் ஆவுது."

காற்று உள்ளே போகிறதாம். டீசல் வெளியே போவதைச் சொல்லவில்லை. என்னை ஏமாற்ற முடியுமா?

அக்டோபர் 19
மூடிக்குக் கொண்டி வைத்துப் பூட்டிவிட்டேன். சாவி என் இடுப்பில்.

அக்டோபர் 21
பூட்டிய பிறகு இன்னும் அதிக நேரம் நிற்கிறது! வேண்டுமென்றே செய்கிறாரா? கோபத்தில் கேட்டேவிட்டேன் — "எவ்வளவு டீசல்ண்ணே வித்தீங்க?"

லாரி சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். என் மனைவி மங்கையர்க்கரசி சோறு போட்டுவிட்டு எழுந்து போனாள்.

அக்டோபர் 24, வெள்ளி. ரங்கத்.
நானே ஓட்டினேன். ஜிர்க்காடாங் செக்போஸ்ட் கேட் தாண்டி, எந்த வண்டியும் நிற்கக் கூடாத பழங்குடியினர் காட்டுப் பகுதியில், போலீஸ் காவலோடு வரிசையாகப் போகும் கான்வாய் நடுவே நின்றது. பின்னால் நாற்பது வண்டி. போலீஸ்காரர் ஓடி வந்து, "காடி யஹாங் க்யோங் ரோகா?" என்றார். நானா வண்டியை இங்கே நிறுத்தினேன்? டீசல் எவ்வளவு திருடு போயிருக்கிறது, பார்ப்போம் என்று பூட்டைத் திறந்து மூடியைத் திருகினேன்.

புஸ்ஸ்.

டேங்க் காற்றை உறிஞ்சியது. முக்கால் டேங்க் டீசல் அப்படியே இருந்தது. லாரி ஸ்டார்ட் ஆனது.

அக்டோபர் 25
வீட்டுக்கு வந்து மூடியை வெளிச்சத்தில் பார்த்தேன். டீசல் குறையக் குறையக் காற்று உள்ளே போவதற்காக அதில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. காற்று போகாவிட்டால் டீசல் எஞ்சினுக்கு வராது. அந்த ஓட்டையின் மேல் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம்.

ஆயுத பூஜையன்று வண்டி முழுக்கப் பொட்டு வைத்தது நான். டேங்க்கை மட்டும் ஏன் விட வேண்டும் என்று கட்டைவிரலால் அழுத்தி வைத்ததும் நான்.

மங்கையர்க்கரசி வளையலில் இருந்த ஊக்கால் குத்தி எடுத்தாள். "அடைச்சதும் நீங்க. பழி மட்டும் அவருக்கா?"

அக்டோபர் 26
வெள்ளைச்சாமி அண்ணன் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் தயார் செய்த பேச்சு வாசலிலேயே மறந்துவிட்டது. "அண்ணே, மூடியில சந்தனம்" என்று மட்டும் சொன்னேன்.

உட்காரப் பாய் விரித்தார். "நல்லதுக்குத்தானே வச்சீங்க மொதலாளி."

திட்டியிருக்கலாம். வெட்கமாக இருந்தது. நாளை தீபாவளி, அது கழிந்ததும் வேலைக்கு வருகிறேன் என்றார்.

நவம்பர் 6
லாரி ஒருமுறைகூட நிற்கவில்லை. ஃபீட் பம்ப் இன்றுதான் கப்பலில் வந்தது. "பாத்தீங்களா, பம்ப் வருதுன்னு தெரிஞ்சே வண்டி சரியாயிருச்சு" என்கிறார் கணபதி.

பூட்டைச் சந்தனம் எடுத்த அன்றைக்கே கழற்றிவிட்டேன். ஆனாலும் மாலையில் லாரியை நிறுத்தியதும் அண்ணன் டேங்க்கில் விட்டு டீசல் மட்டம் பார்த்த அளவுக் குச்சியோடு என்னிடம் வருகிறார். வேண்டாம்ண்ணே என்று பத்து நாளாகச் சொல்கிறேன்.

"பாத்துக்கங்க மொதலாளி" என்று குச்சியை நீட்டியபடியே நிற்கிறார். பார்க்காமல் தலையாட்டினால் நகர்வதில்லை.

இன்றும் பார்த்தேன்.